பலகை இல்லாத பழக்கடை: தண்டையார்பேட்டையில் பீச், பிளம்ஸ் வாங்குவோருக்கு

தண்டையார்பேட்டை மெட்ரோ நிலையத்தில் இறங்கி, திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து கடலை நோக்கிப் பிரியும் சந்து ஒன்றுக்குள் நடந்தால், பெயர்ப் பலகையே இல்லாத ஒரு பழக்கடை வரும். முகப்பில் நீலத் தார்ப்பாய், அதன் கீழே சாய்வாக அடுக்கிய மரத் தட்டுகள், உள்ளே பழைய கண்ணாடிக் கதவுக் குளிர்பெட்டி, ஒரு மின்தராசு; கடை இவ்வளவுதான். வாழைப்பழமும் ஆப்பிளும் மற்றக் கடைகளைப் போலவே இங்கும் கிடைக்கின்றன, அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மே மாதம் தொடங்கி ஆகஸ்ட் வரை பீச், பிளம்ஸ், நெக்டரின், எப்போதாவது ஆப்ரிகாட் என்று நடுவில் ஒற்றைக் கொட்டை உள்ள மலைப்பழங்கள் இங்கே வருகின்றன என்பதும், அவற்றை விற்பவருக்கு அவை எப்படி அழுகும், ஏன் அழுகும் என்பது தெரியும் என்பதுமே இந்த மதிப்புரையை எழுதக் காரணம்.

நான் ராயபுரத்தில் குடியிருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு முன் தெருக்காரர்களுக்கும் பழைய அலுவலகத் தோழிகளுக்கும் வீட்டிலேயே ஜாம் போட்டுக் கொடுப்பது என் வழக்கம். அதற்கான பிளம்ஸையும் பீச்சையும் கோடையிலேயே வாங்கி, சர்க்கரை சேர்த்துக் காய்ச்சி வைத்துவிட வேண்டும் என்பதால், ஒரு பருவத்தில் பத்துப் பன்னிரண்டு கிலோவாவது வாங்குவேன். ஒரு கிலோ வாங்கி அன்றே தின்று முடிப்பவருக்கு அழுகல் ஒரு சில்லறைத் தொல்லை. பெட்டியாக வாங்குபவருக்கு அதுவே முழுக் கணக்கு. இந்தக் கடைக்கு வருவதற்கு முன், வேறொரு பகுதியில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு பெரிய கடையில், ஒட்டுநாடா பிரிக்காத பெட்டி ஒன்றை நம்பி வாங்கினேன். மேல் அடுக்கில் பொட்டு வைத்த மாதிரி பளபளப்பான பிளம்ஸ். கீழ் அடுக்கில் மூன்று பழங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, சாறு வழிந்து, அட்டையே நனைந்து கிடந்தது. திருப்பிக் கொண்டுபோனபோது, "பழம்னா அப்படித்தான் இருக்கும்" என்ற பதில்தான் கிடைத்தது. அந்த ஆண்டு ஜாம் பாதியாகக் குறைந்தது.

2022ஆம் ஆண்டுக் கோடையில்தான் இந்தக் கடையில் முதன்முதலாக வாங்கினேன். இடையில் ஒரு கோடை தவிர இன்றுவரை இங்கேதான் வாங்குகிறேன். கடைக்காரரை எல்லாரும் 'பாய்' என்றே அழைக்கிறார்கள், நானும் அப்படியே அழைக்கிறேன். அவருடைய தந்தை கொத்தவால்சாவடியில் பழம் விற்றவர். 1996இல் அந்தச் சந்தை கோயம்பேட்டுக்குப் பெயர்ந்தபோது, மகன் கோயம்பேட்டில் கடை எடுக்காமல் வீட்டுக்கு அருகிலேயே இந்தச் சந்தில் உட்கார்ந்துவிட்டார். அதிகாலையில் கோயம்பேட்டுக்குப் போய் ஏற்றிக்கொண்டு வருவது மட்டும் இன்றும் தொடர்கிறது.

முதல் முறை பெட்டி கேட்டபோது அவர் செய்த காரியம் எனக்குப் புதியதாக இருந்தது. பெட்டியை என் கண்முன்னே பிரித்து, ஒவ்வொரு பழத்தையும் எடுத்து, காம்பு இருந்த குழியையும் அதற்கு நேர் எதிர்ப்புறத்தையும் பார்த்து, ஒரு பழம் இன்னொன்றின் மீது அழுந்தியிருந்த இடத்தைக் கட்டைவிரலால் தொட்டு, மூன்று பழங்களைத் தனியாக எடுத்துவைத்தார். எனக்கு அவற்றில் குறை எதுவும் தெரியவில்லை. "இது நாளைக்கு தெரியும்மா," என்றார். அந்த மூன்றுக்கும் பதிலாக வேறு மூன்று போட்டுக் கொடுத்தார். அழுகல் உங்கள் கடையில் வந்து பிடிக்கிறதா என்று நான் கேட்டதற்கு அவர் சொன்ன பதிலைக் கேட்ட அன்று நான் சாமர்த்தியப் பேச்சு என்றே எடுத்துக்கொண்டேன். "இங்க வந்து பிடிக்கிறது கொஞ்சம்தாம்மா. பாதி, மரத்துலயே ஏறி உட்காந்து வருது. நம்ம பெட்டியில அது கண்ணு முழிக்குது, அவ்வளவுதான்."

அது வியாபாரப் பேச்சு இல்லை என்பதை அடுத்த ஆண்டு பதின்மூன்றாயிரம் கிலோமீட்டர் தள்ளித் தெரிந்துகொண்டேன். 2023 ஏப்ரலில் மகளின் பிரசவத்துக்காக நியூ ஜெர்சி போய், அக்டோபர்வரை அங்கே இருந்தேன். வாடகைக்கு எடுத்த அவர்கள் வீட்டின் கொல்லையில் ஒரு பீச் மரம் இருந்தது. நான் போய் இறங்கிய வாரத்தில் மரம் முழுக்க இளஞ்சிவப்புப் பூ. இலையே இல்லாத கிளையில் சற்றுக் கறுத்துச் சுருங்கிய காய்கள் சில, போன ஆண்டுடையவை, திருஷ்டிக்குக் கட்டித் தொங்கவிட்டதைப் போல ஆடிக்கொண்டிருந்தன. அழகாகத்தான் இருக்கிறது என்று நான் அவற்றைத் தொடவில்லை. தொடாமல் விட்டதுதான் தவறு என்பது பிறகு புரிந்தது.

பூத்த சமயத்தில் விடாமல் நான்கைந்து நாள் மழை. சில பூக்கள் உதிராமல் பழுப்பேறிக் காம்போடு ஒட்டிக்கொண்டன, அவற்றின் அடியில் பட்டையில் வேலம்பிசின் போல ஒரு பிசின் துளிர்த்தது. குளிரில் கருகியது என்றே எண்ணினோம். மிச்சப் பூக்கள் பிஞ்சாகிக் காயாகி, ஜூலையில் சிவக்கத் தொடங்கின. அறுவடைக்கு ஒரு வாரம் என்று மாப்பிள்ளை கணக்குப் போட்ட அன்று ஒரு பழத்தில் சுண்டைக்காய் அளவுக்குப் பழுப்புப் பொட்டு ஒன்று தெரிந்தது. இரண்டு நாளில் அந்தப் பழம் முழுவதும் பழுப்பாகிவிட்டது. அதன் மேல் சாம்பலும் பழுப்பும் கலந்த நிறத்தில் சிறு சிறு பொடி முடிச்சுகள் முளைத்தன. அதைத் தொட்டுக்கொண்டிருந்த பழம், அதற்கடுத்த பழம் என்று, ஒரு வாரத்தில் மரத்தில் தின்னத் தகுந்ததாகப் பத்துப் பழம்கூட மிஞ்சவில்லை.

இதற்குத் தமிழில் பழுப்பு அழுகல் என்று சொல்லலாம். மோனிலினியா என்ற பூசணப் பேரினம் செய்யும் வேலை இது. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் மோனிலினியா ஃப்ரக்டிகோலா என்ற வகை, ஐரோப்பாவில் பழங்காலமாக மோனிலினியா லாக்சா, மோனிலினியா ஃப்ரக்டிஜெனா என்ற வகைகள். முதல் வகை ஐரோப்பாவுக்குள் 2001இல் பிரான்சில் கண்டறியப்பட்டது. பீச், நெக்டரின், பிளம்ஸ், ஆப்ரிகாட், செர்ரி, பாதாம் ஆகிய எல்லாமே இதற்கு இரை. நான் வியந்தது அதன் பொறுமையைப் பார்த்துத்தான். பூவில் நுழையும், பட்டையில் புண்ணாகத் தங்கும், பச்சைக் காயின் தோலுக்கடியில் அடையாளமே காட்டாமல் வாரக்கணக்கில் உறங்கும். பழத்தில் சர்க்கரை ஏறித் தோல் இளகத் தொடங்கியதும் விழிக்கும். அறுவடைக்கு முந்திய இரண்டு மூன்று வாரங்கள்தான் அதற்கு அறுவடைக் காலம். பாய் 'கண்ணு முழிக்குது' என்றது இந்த உறக்கத்தைத்தான். படித்துச் சொன்னாரா, பார்த்துப் பார்த்துச் சொன்னாரா என்று நான் கேட்டதில்லை.

அங்கே ஒவ்வொரு கவுண்டியிலும் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் வேளாண் விரிவாக்க அலுவலகம் இருக்கிறது. மாப்பிள்ளை அவர்களைக் கேட்டு எழுதி வந்த பட்டியலில் மருந்து கடைசியில்தான் இருந்தது. முதல் வேலை, மரத்தில் தொங்கும் வற்றல் பழங்களையும் கீழே விழுந்தவற்றையும் ஒன்றுவிடாமல் பொறுக்கிப் புதைப்பது அல்லது குப்பையில் கட்டிப் போடுவது. அடுத்த வசந்தத்தில் பூசண வித்துகள் கிளம்பும் தொட்டிலே அந்த வற்றல்கள்தாம். இரண்டாவது, குளிர்காலம் முடியும் தறுவாயில் கவாத்து செய்து, நடுவைத் திறந்துவிட்டு, வெயிலும் காற்றும் உள்ளே போகும்படி செய்வது, புண் உள்ள சுள்ளிகளைப் புண்ணுக்குக் கீழே நல்ல பகுதி வரை வெட்டி எடுப்பது. மூன்றாவது, காய்கள் சிறிதாக இருக்கும்போதே நெருக்கத்தைக் கலைத்து, ஒன்றுக்கொன்று ஏறக்குறைய ஒரு சாண் இடைவெளி விடுவது. என் மகளுக்கு இது மனம் வரவில்லை, காயைக் கிள்ளி எறிவதற்கா மரம் வைத்தோம் என்றாள். ஒட்டி நிற்கும் இரண்டு பழங்களின் நடுவே தேங்கும் ஈரம்தான் பூசணத்துக்கு வேண்டிய முழு உலகமும் என்று எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. பூச்சி துளைத்த பழத்தில் நோய் எளிதாக ஏறும் என்பதால் பூச்சியையும் கவனிக்க வேண்டும். தழைச்சத்து உரத்தை அள்ளிப் போட்டால் பழம் மென்மையாகி நோய்க்கு வாய்ப்பாகும்.

மருந்து அடிப்பது இரண்டு காலங்களில் மட்டும் பயன்படும். பூக்கும் சமயம் ஒன்று, நிறம் மாறத் தொடங்கி அறுவடை நெருங்கும் மூன்று வாரம் மற்றொன்று. கேப்டான், கந்தகம், புரோபிகோனசோல் போன்றவை இதற்குப் பயன்படுத்தப்படுகின்றன. ஆனால் கந்தகம் ஆப்ரிகாட் மரத்துக்கு ஆகாது, இலையைப் பொசுக்கிவிடும். ஒரே தொகுதி மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் பூசணம் பழகிக்கொள்ளும். பென்சிமிடசோல் தொகுதி மருந்துகள் பல தோட்டங்களில் அப்படித்தான் பயனற்றுப் போயின. கடைசித் தெளிப்புக்கும் பறிப்புக்கும் இடையே எத்தனை நாள் விட வேண்டும் என்பது அந்த மருந்தின் உறையிலேயே அச்சிடப்பட்டிருக்கும், அதை மீறக் கூடாது. அழுகத் தொடங்கிய பழத்தை எந்த மருந்தும் மீட்காது. குளிர்காலத்தில் அடிக்கும் தாமிர மருந்து இலைச் சுருட்டை நோய்க்குரியது, அதை அடித்துவிட்டுப் பழுப்பு அழுகலுக்கும் சேர்த்து அடித்தாயிற்று என்று நிம்மதி கொள்பவர்கள் அந்தத் தெருவிலேயே இரண்டு பேர் இருந்தார்கள். 2024இல் இந்த முறையில் நடந்து, மாப்பிள்ளை தொலைபேசியில் காட்டிய மரத்தில் பாதிக்கு மேல் பழம் நின்றது. நான் இங்கிருந்து காயைக் கிள்ளச் சொல்லி அதட்டியதும் அதில் ஒரு பங்கு என்று சொல்லிக்கொள்கிறேன்.

திரும்பி வந்த பிறகு பாயின் கடையை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். பீச் பெட்டியைப் பிரித்து அழுகலைக் காண்பவர்கள் எல்லாவற்றையும் 'சொத்தை' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். பாய் அடக்குவதில்லை. அவர் கடையில் நான் பார்த்த அழுகல் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, பழம் நீர்கோத்ததுபோல் குழைந்து, தோல் தொட்டவுடன் வழுக்கிக் கழன்று, சாறு ஒழுகி, வெள்ளைப் பஞ்சு மயிர் கிளம்பி அதன் நுனியில் ஊசித் தலை போன்ற கறுப்புப் புள்ளிகள் நிற்பது. ரைசோபஸ் என்ற பூசணம் இது. ரொட்டியில் படரும் கறுப்புப் பூசணத்தின் இனம். ஒரு பழத்திலிருந்து ஒழுகும் சாற்றின் வழியே அக்கம்பக்கத்துப் பழங்களையெல்லாம் பிடித்து, பெட்டிக்குள் கூடு கட்டினாற்போல ஒரு வட்டத்தையே காலி செய்துவிடும். முந்திய கடையில் நான் வாங்கி ஏமாந்த பெட்டியில் இருந்தது இதுதான் என்பது இப்போது விளங்குகிறது. மற்றொன்று, தோல் கழலாமல், பழம் கெட்டியாகவே இருந்து, பழுப்பு வட்டம் பரவி, அதன் மீது சாம்பல் பழுப்புப் பொடி முடிச்சுகள் எழும்புவது. நியூ ஜெர்சிக் கொல்லையில் பார்த்த அதே முகம். சென்ற ஆண்டு வெளிநாட்டு நெக்டரின் பெட்டி ஒன்றில் இந்த அடையாளத்தைப் பார்த்து நான் விரலால் சுட்டியபோது, பாய் அந்தப் பழத்தைக் காகிதத்தில் சுற்றி எடுத்து, மூடியுள்ள வாளியில் போட்டார். அந்தக் காகிதத்தையும் அதே வாளியில் போட்டார். கையைக் கழுவிவிட்டு வந்து அடுத்த பழத்தைத் தொட்டார்.

இந்த வாளிதான் என் பார்வையில் இந்தக் கடையின் பெரிய சிறப்பு. வடசென்னையில் நான் வாங்கிப் பழகிய பழக்கடைகளில் அழுகியதைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைப்பார்கள், மாலையில் சாக்கில் கட்டிக் கடைக்குப் பின்னால் சாய்ப்பார்கள். ஒரு முடிச்சிலிருந்து எழும்பும் வித்துகள் கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் ஏறி அடுத்த தட்டில் இறங்கும் என்பதை அவர்கள் நினைப்பதில்லை. பாயின் கடையில் காலை, மதியம், மாலை என்று மூன்று முறை தட்டுகள் கவிழ்க்கப்பட்டுச் சரிபார்க்கப்படுகின்றன. காலியான மரத் தட்டுகளை வாரத்தில் ஒரு நாள் சோடா உப்பு போட்ட வெந்நீரில் தேய்த்து வெயிலில் காயவைப்பதையும் பார்த்திருக்கிறேன். வெந்நீர் ஊற்றுகிற அன்று சந்து முழுக்க ஆவி பறக்கும், பக்கத்து டீக்கடைக்காரர் ஏதாவது முணுமுணுப்பார்.

இனி குறைகளைச் சொல்ல வேண்டும், அவை சிறியவை அல்ல.

முதலாவது, தண்ணீர் தெளிப்பது. கடையில் வேலைக்கு இருக்கும் தம்பி, மதிய வெயில் தணிந்ததும் பழங்கள் மீது தண்ணீர் தெளித்து, ஒரே துணியால் எல்லாப் பழத்தையும் துடைத்துப் பளபளப்பாக்குவான். பீச்சின் மேல் உள்ள பூனை மயிரில் அந்தத் தண்ணீர் தேங்கும். காசிமேட்டுப் பக்கமிருந்து வரும் ஈரக் காற்றில் அது காயவே காயாது. பூசண வித்து முளைப்பதற்கு ஈரத்தைவிட வேறு விருந்து தேவையில்லை. பிளம்ஸுக்கு இது வேறு வகையில் கேடு. அதன் தோலில் படிந்திருக்கும் வெண்பூச்சு அழுக்கு அன்று, பழம் தானே சுரந்த மெழுகு. அது துடைபட்டால் பழம் நீரிழந்து விரைவில் சுருங்கும். அழுகலின் ஓரத்தைத் தொட்ட துணியே அடுத்த நல்ல பழத்தையும் தொடும் என்பதைச் சொல்லவே வேண்டாம். இதை நான் பாயிடம் சொன்னேன். பீச்சுக்குத் தெளிப்பதை நிறுத்திவிட்டார். பிளம்ஸுக்கு நிறுத்தவில்லை. "மினுக்கலேன்னா ஜனங்க பழசுன்னு நினைக்கிறாங்கம்மா," என்பது அவருடைய விளக்கம். நியாயத்தில் பாதி வாங்குபவர்கள் பக்கம் இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வெண்பூச்சுள்ள பிளம்ஸைப் பார்த்து, மருந்து படிந்திருக்கிறது என்று ஒதுக்குபவர்களை அந்தக் கடை வாசலிலேயே நான் பார்த்திருக்கிறேன். என் பங்குக்கு, துடைக்காத பழமாகப் பெட்டியிலிருந்து எடுத்துத் தாருங்கள் என்று கேட்டு வாங்கிக்கொள்கிறேன், முகம் சுளிக்காமல் தருகிறார்.

இரண்டாவது, குளிர்பெட்டி. குளிர்பானம் விற்பதற்கான கண்ணாடிப் பெட்டி அது. நான் ஒருமுறை சமையலறை வெப்பமானியைக் கொண்டுபோய் உள்ளே வைத்துப் பார்த்தேன், 7 டிகிரி காட்டியது. பீச்சுக்கு இது இரண்டுங்கெட்டான் குளிர். 0 டிகிரியை ஒட்டிய குளிரில் பீச் வாரக்கணக்கில் நிற்கும், அறை வெப்பத்தில் இரண்டு மூன்று நாளில் கனியும். இந்த இரண்டுக்கும் நடுவே, ஏறத்தாழ 2 முதல் 8 டிகிரி வரையுள்ள குளிரில் நாட்கணக்கில் வைத்தால், பார்க்க நன்றாகவே இருக்கும் பழம் வெட்டினால் சாறற்றுப் பஞ்சைக் கடித்ததுபோல் ஆகிவிடும். அழுகலைத் தடுக்கவும் அந்தக் குளிர் போதாது. ரைசோபஸின் வளர்ச்சி ஏறக்குறைய 5 டிகிரிக்குக் கீழே போனால்தான் நிற்கும். பழுப்பு அழுகலோ 0 டிகிரியை ஒட்டியும் மெல்ல ஊர்ந்துகொண்டுதான் இருக்கும். ஆகவே இந்தக் கடையில் குளிர்பெட்டிக்குள் இருக்கும் பீச்சை நான் வாங்குவதில்லை, வெளியே தட்டில் இருப்பதையோ அன்று வந்த பெட்டியையோதான் வாங்குகிறேன். வீட்டிலும் இதே கதைதான். நம் வீட்டு ஃப்ரிட்ஜ் 4, 5 டிகிரியில் ஓடுவதால், காயாக இருக்கும் பீச்சை நேராக அதற்குள் தள்ளக் கூடாது. மூங்கில் தட்டில் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி, காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, கட்டைவிரல் பட்டால் லேசாக அமுங்கும் பதம் வந்த பிறகு ஒன்றிரண்டு நாளைக்கு மட்டும் உள்ளே வைக்கலாம். கழுவுவது தின்பதற்குச் சற்றுமுன். அறுவடைக்கு முன் மருந்து அடிக்கும் பழம் என்பதால் ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுவது அவசியம், ஆனால் கழுவிவிட்டு எடுத்துவைப்பது அழுகலுக்கு அழைப்பு அனுப்புவதைப் போன்றது.

திருப்பிக் கொடுக்கும் முறை நேர்மையானது. மறுநாளைக்குள் அழுகிய பழத்தைக் கொண்டுபோனால், எண்ணிக்கைக்கு எண்ணிக்கை மாற்றித் தருகிறார். எனக்கு ஒருமுறை மாற்ற மறுத்தார். பிளாஸ்டிக் கவரில் முடிச்சுப் போட்டபடியே இரவு முழுக்க வைத்திருந்து, உள்ளே வியர்த்து, மூன்று பிளம்ஸ் கெட்டிருந்தன. கவரைப் பார்த்தவுடனேயே காரணம் கண்டுபிடித்துவிட்டார். அன்று கோபமாகத்தான் இருந்தது, யோசித்துப் பார்த்தால் அவர் மறுத்ததில் தவறில்லை. இப்போது துணிப்பையோடு போகிறேன்.

ஜாம் போடுபவர்களுக்குக் கூடுதலாக ஒரு செய்தி. மாலை ஆறு மணிக்கு மேல், தட்டுகளைச் சரிபார்த்து ஒதுக்கிய 'அடிபட்ட பழம்' ஏறக்குறைய பாதி விலைக்குக் கிடைக்கும். சென்ற ஜூனில் இமாச்சல் பீச் கிலோ 280 ரூபாய்க்கும் கொடைக்கானல் பிளம்ஸ் 220 ரூபாய்க்கும் வாங்கினேன். அடிபட்டது முறையே 150, 110. அடிபட்ட பழத்துக்கும் பூசணம் பிடித்த பழத்துக்கும் வேறுபாடு தெரிந்தவர் மட்டுமே இதை வாங்க வேண்டும். அடிபட்ட இடம் பழுப்பாகி அமுங்கியிருக்கும், ஆனால் அதன் ஓரம் நாளுக்கு நாள் விரியாது, மேலே எதுவும் முளைக்காது, புளித்த வாடை வராது. அந்த இடத்தைச் செதுக்கிவிட்டு மிச்சத்தைக் காய்ச்சலாம். பூசணம் முளைத்த பழத்தை, 'ஓரத்தை வெட்டிவிட்டால் போதும், கொதியில் எல்லாம் செத்துவிடும்' என்று பாத்திரத்தில் போடக் கூடாது. இத்தகைய மென்மையான பழத்தில் பூசண இழை கண்ணுக்குத் தெரியும் இடத்தைத் தாண்டி உள்ளே ஓடியிருக்கும். நீலப் பூசணம் விடும் பேட்டுலின் என்ற நச்சு ஜாம் காய்ச்சும் சூட்டில் முழுவதுமாக அழிவதில்லை. பாய் இந்த விஷயத்தில் கறாரானவர். அடிபட்டதைத் தராசில் போடுவார், பூசணம் பிடித்ததை எவ்வளவு கெஞ்சினாலும் போட மாட்டார். வியாசர்பாடியிலிருந்து வந்த ஓர் அம்மா, மாட்டுக்காவது கொடுங்கள் என்று வாளியைக் கேட்டபோதும் மறுத்துவிட்டார்.

எப்போது எது வாங்கலாம் என்பது பருவத்தைப் பொறுத்தது. கொடைக்கானல் பிளம்ஸ் மே, ஜூன் மாதங்களில் வரும். சிறியது, புளிப்பு மிகுந்தது, ஜாமுக்கு அதைவிடச் சிறந்தது எனக்குத் தெரியவில்லை. நீலகிரியிலிருந்து வரும் பீச்சை, மலைக்காரர்கள் சொல்வதுபோல் 'பிச்சீஸ்' என்றே பாயும் சொல்கிறார். அது சில நாட்கள்தான் தென்படும், கேட்டுவைத்தால் எடுத்துவைப்பார். ஜூன், ஜூலையில் இமாச்சல் பீச், அதிலும் சிர்மௌர் மாவட்டத்து ராஜ்கட் பெட்டி வந்தால் அன்று கடையில் ஒரு களை தெரியும். குளிர்காலத்தில் சிலி போன்ற தென்கோள நாடுகளிலிருந்து வரும் பிளம்ஸ் பார்வைக்குப் பெரியது, விலையும் பெரியது. நெடுந்தூரம் குளிரில் பயணம் செய்த பழம் ஆகையால், வாங்கிய அன்றே ஒன்றை வெட்டிப் பார்த்துவிட்டு மிச்சத்தை வாங்குவது நல்லது. வெட்டிப் பார்க்க பாய் கத்தியே தருவார்.

ரசீது கிடையாது, கைபேசியில் பணம் செலுத்தலாம். நின்று பார்க்க இடம் போதாது, இரண்டு பேர் சேர்ந்தாற்போல் வந்தால் மூன்றாமவர் சந்தில்தான் நிற்க வேண்டும். மழைநாளில் சந்தில் தண்ணீர் தேங்கும், அன்றைக்கு பீச்சும் வாங்க வேண்டாம், கடைக்கும் போக வேண்டாம். சரக்கு வருவது பெரும்பாலும் செவ்வாயும் சனியும். காலை ஒன்பது மணிக்குப் போனால் பெட்டி பிரிப்பதைப் பார்த்து வாங்கலாம். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்காகக் கடை மூடியிருக்கும், மூன்று மணிக்கு மேல் திறப்பார்.